அப்பாவின் பிரஷர் எண்ணை யாருக்கு அனுப்புவது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் கம்பம். அப்பாவுக்கு வயது 61. கேரள மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறார். திங்கட்கிழமை விடியலில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக மேலே போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். மூன்று வருடமாகப் பிரஷர் இருக்கிறது. மேலே அரசு குடும்ப ஆரோக்கிய மையத்தில் பார்க்கும்போதெல்லாம் 160, 165 என்று காட்டுகிறது. கம்பத்தில் வீட்டில் வைத்துப் பார்த்தால் 128, 138, 151 என்று நாளுக்கு ஒன்றாக வருகிறது. மேலேயும் மாத்திரை தருகிறார்கள். இங்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்காவும் வீட்டுக்கே வந்து தருகிறார். இரண்டு மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பி, புளூடூத் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அப்பா லயத்தில் (தோட்டத்துக் குடியிருப்பில்) உட்கார்ந்து பார்த்தால் எண் அவன் போனுக்குப் போய்விடும். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. 150-ஐத் தாண்டினால் உடனே போன் செய்து "இன்னொரு மாத்திரை போடுங்கப்பா" என்கிறான். போன மாதம் ஒரு ராத்திரி 182/106 என்று வந்து எல்லோரும் பதறிப்போனோம். விடிந்த பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்து வீட்டு அத்தைக்குப் பார்த்தது என்று. "என்னைக் கேமரா வெச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கு, மிஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்கிறார் அப்பா. காலும் கொஞ்ச நாளாக வீங்குகிறது. நாங்கள் எந்த எண்ணை நம்புவது? இப்படித் தூரத்தில் இருந்து கண்காணிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

— ஒரு வாசகி, கம்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயன் உண்டு. மிஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் இப்போது அந்த எண்கள் போய்ச் சேரும் இடம் சரியில்லை. உங்கள் தம்பியால் அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட முடியும். மாத்திரையை மாற்ற முடியாது. மாற்றத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் மலைக்கு மேலும் கீழும் இருக்கிறார்கள். அவர்கள் இருவர் கைக்கும் அந்த எண் போகவில்லை. இதைத்தான் நாம் சரிசெய்ய வேண்டும். அதற்கு முன்னால், தள்ளிப்போட முடியாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய அட்டைகளைப் பார்த்தேன். மேலே தந்திருப்பது அம்லோடிபின் 5 மில்லிகிராம். கம்பத்தில் தந்திருப்பதும் அம்லோடிபின் 5 மில்லிகிராம்தான், கூடவே டெல்மிசார்ட்டன் 40. கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு என்பதால் இரண்டும் வேறு வேறு மாத்திரை என்று அப்பா நினைத்திருக்கலாம். இரண்டையும் சாப்பிடும் நாளில் 10 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு அதற்கு மேல் கொடுப்பதில்லை. தம்பி சொல்லி இன்னொன்று போட்டால் அந்த அளவையும் தாண்டிவிடுகிறது. அம்லோடிபினால் கால் வீங்குவது எங்களுக்குப் பழக்கமான பக்கவிளைவு. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். உங்கள் அப்பாவின் கால் வீக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பார்க்காமல் அப்படி முடிவு செய்யக் கூடாது. இந்த வாரமே இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை யாரும் போனில் சொல்லிக் கூடுதல் மாத்திரை போட வேண்டாம். பயந்துபோய் எல்லாவற்றையும் அவராக நிறுத்திவிடவும் வேண்டாம்.

தம்பிக்கு ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். அம்லோடிபின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. சாப்பிட்ட மாத்திரையில் பாதி உடலில் இருந்து வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். தினமும் சாப்பிட்டுவந்தால் ஏழெட்டு நாளில்தான் ரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வரும். டெல்மிசார்ட்டனின் முழுப் பலன் தெரிய நாலு வாரம்கூட ஆகலாம். ஆக, ராத்திரி எட்டு மணிக்கு 152 வந்தது என்று எட்டே காலுக்கு ஒரு அம்லோடிபின் போட்டால் அந்த ராத்திரிக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. அடுத்த இரண்டு மூன்று நாளில், வேறு மாத்திரைகளோடு சேர்ந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். ஏலத்தோட்டத்தில் தரை எப்போதும் ஈரம், சரிவு வேறு. அங்கே தலைசுற்றி விழுவது சின்ன விஷயம் இல்லை.

சரி, எந்த எண்ணை நம்புவது என்று கேட்டீர்களே. எதுவும் பொய் இல்லை. பிரஷர் என்பது நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. ஜீப்பில் குலுங்கி வந்து, வரிசையில் நின்று, டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் பட்டையைச் சுற்றினால் பலருக்கும் கூடத்தான் காட்டும். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருக்கும் பிரஷரை 'வெள்ளைக் கோட்டுப் பிரஷர்' என்போம். இதற்கு நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் நன்றாக இருந்து வீட்டிலோ வேலை இடத்திலோ ஏறிக்கிடப்பதும் உண்டு. இதுதான் அதிக ஆபத்தானது, ஏனென்றால் இது யார் கண்ணிலும் படாது.

உங்கள் அப்பாவுக்கு எது என்று இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. மேலே கூடக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிப் படபடப்பு மட்டுமே காரணம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மேலே குளிர், குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் ஏறும். வாரத்தில் ஆறு நாள் அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்றால் கஞ்சி, ஊறுகாய், கருவாடு என்று உப்பு கூடியிருக்கும். சம்பள நாள், காய் எடுப்பு நாள் என்று கணக்கு வேலையில் இருக்கும் நெருக்கடி தனி. ஞாயிற்றுக்கிழமை கம்பத்து வீட்டில் சாப்பிட்டு, தூங்கி எழுந்து பார்க்கும் 128, வாரத்தின் மற்ற ஆறு நாளுக்குச் சாட்சி ஆகாது. அதனால்தான் மிஷின் மேலே, அவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறேன். ஆஸ்பத்திரியும் கம்பத்து வீடும் காட்டாத நாட்களை அது காட்டும்.

ஆனால் அது காட்டுவது சரியாக இருக்க, பார்க்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மருந்து போதவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு முதலில் திருத்த வேண்டியிருப்பது மருந்தை இல்லை, பட்டை சுற்றும் முறையைத்தான்.

லயத்து அறையில் மேசையும் சாய்வு நாற்காலியும் இருக்காது. பெரும்பாலும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துப் பார்ப்பார்கள். அதிலேயே இரண்டு தவறு இருக்கிறது. கை நெஞ்சின் மட்டத்துக்குக் கீழே இறங்கினால், இறங்கும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஏழெட்டுப் புள்ளி கூடக் காட்டும். ரத்தத்தின் எடைதான் காரணம், நோய் இல்லை. ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும். கால் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும், கால் மேல் கால் வேண்டாம். பக்கத்தில் இன்னொரு நாற்காலியோ பெட்டியோ போட்டு, அதன்மேல் தலையணையை மடித்து வைத்து, பட்டை நெஞ்சின் நடுமட்டத்துக்கு வரும்படி கையை அதன்மேல் கிடத்த வேண்டும். கையை அவராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது; தசை இறுகினாலும் எண் கூடும்.

குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றாமல் சட்டையை மட்டும் தோள்வரை இறுக்கிச் சுருட்டிவிட்டுப் பார்க்கிற பழக்கம் மலைப்பக்கத்தில் நிறைய. சுருட்டிய சட்டை கையை இறுக்கும். ஒரு கையை மட்டும் முழுசாக வெளியே எடுத்துவிட்டு, வெறும் கையில் பட்டையைச் சுற்றி, உடம்பின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளட்டும்.

பட்டையின் அளவு மிக முக்கியம். மிஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான் சரி. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் நாடாவால் ஒரு தடவை அளந்து பாருங்கள். கை அதைவிடப் பருமனாக இருந்து சின்னப் பட்டையில் பார்த்தால் சராசரியாக ஐந்து புள்ளி கூடக் காட்டும். இரண்டு அளவு சின்னதாகிவிட்டால் இருபது புள்ளிவரை போய்விடும். இருபது புள்ளி என்பது ஒரு மனிதருக்குத் தேவையில்லாமல் இரண்டாவது மருந்தை ஆரம்பித்துவிடப் போதுமான பிழை.

காலையில் எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) குடிப்பதற்கு முன், மாத்திரை போடுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு பொத்தானை அழுத்தலாம். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. சாயங்காலமும் அதேபோல, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு முறை. டீ, காபி, பீடி, சிகரெட், மேட்டில் ஏறி வந்த களைப்பு எதுவானாலும் அதற்குப் பிறகு அரை மணி நேரம் கழிய வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. தம்பியிடம் போனில் "இரு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பேசிக்கொண்டே பார்க்கும் எண்ணை எழுதவே வேண்டாம்.

இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிடுங்கள். புதுப் பழக்கத்தின் படபடப்பில் அவை பெரும்பாலும் கூடித்தான் இருக்கும். மீதி ஆறு நாளில் 24 எண்கள் கிடைக்கும். மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரிதான் உங்கள் அப்பாவின் பிரஷர். தனி ஓர் எண் இல்லை. மூட்டையில் இருந்து ஒரு காயை மட்டும் எடுத்துப் பார்த்து யாராவது ஏலத்தில் விலை கேட்பார்களா என்று அப்பாவிடமே கேளுங்கள், அவருக்கு உடனே புரியும்.

வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லும் 140/90-க்கு வீட்டில் சமமான எண் இது. தலைசுற்றல் இல்லாமல் 130/80-க்குக் கீழே கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

இனி, இதை யாருக்கு அனுப்புவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை உண்மையிலேயே பிரஷரைக் குறைக்கிறதா என்று மற்ற நாடுகளில் நன்றாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-ல், 25 ஆய்வுகளில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். வீட்டில் பிரஷர் பார்த்து எழுதி வைப்பது மட்டும் என்றால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதோடு மருந்தைச் சரிசெய்யவும் தொடர்ந்து பேசவும் ஒரு மருத்துவரோ மருந்தாளுநரோ சேர்ந்தபோது மேல் எண் ஆறு புள்ளிவரை கூடுதலாக இறங்கியது. 2018-ல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வீட்டில் பார்த்துத் தாளில் எழுதிக்கொடுத்த குழு, எண்ணைப் போன் வழியாக அனுப்பிய குழு, வழக்கம்போல ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்த குழு. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் குழுவின் சராசரி 137, இரண்டாவது 136, மூன்றாவது 140. வீட்டு எண்ணை வைத்து மருத்துவர் மருந்தை மாற்றிய இரண்டு குழுவுக்குமே நன்மை இருந்தது. தாளுக்கும் போனுக்கும் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மினசோட்டாவில் 450 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், போன் வழியாக வரும் எண்ணைப் பார்த்து மருந்தாளுநரே மருந்தைச் சரிசெய்தார். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 72 பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 45 பேருக்குத்தான்.

புளூடூத் இல்லாவிட்டாலும் குறைச்சல் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். லயத்தில் சிக்னல் வரலாம், வராமலும் போகலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும், அதைப் படம் எடுத்து அனுப்ப ஒரு போனும் போதும். எடுத்துப் பார்த்து "இந்த மாத்திரையை இரண்டாக்கு", "அதை நிறுத்து" என்று சொல்லும் ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாமல் எவ்வளவு விலை உயர்ந்த மிஷினும் வீட்டுக்குள் பயத்தை மட்டும்தான் கொண்டுவரும்.

உங்கள் விஷயத்தில் யார் அந்த ஒருவர்? இரண்டு மாநிலமும் அவரவர் பங்குக்கு நல்ல காரியம் செய்கின்றன. 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முதலில் சேர்ந்த மாநிலங்களில் ஒன்று கேரளம். எந்த மருந்தில் தொடங்கி, எப்போது கூட்டி, அடுத்து எதைச் சேர்ப்பது என்று வரையறுத்த படிகள் அதில் இருக்கின்றன. இந்தப் பக்கம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவருகிறது. ஆனால் மேலே எழுதுவது கீழே தெரியாது, கீழே எழுதுவது மேலே தெரியாது. நடுவில் இருக்கும் மனிதர்தான் இரண்டு பதிவுகளையும் சுமந்துகொண்டு ஏறி இறங்குகிறார். எல்லையோரத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

என் யோசனை: ஆறு நாள் மேலே இருக்கிறவருக்கு மேலே உள்ள மையமே வைத்தியத்துக்கு ஏற்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கம்பத்தில் இருப்பவரால் இங்கே வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒழுங்காகப் போக முடியாது. கம்பத்துப் பதிவின் அட்டையையும் அங்கே கொண்டுபோய்க் காட்டி, டெல்மிசார்ட்டனும் சாப்பிடுகிறார் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வரும் அக்காவிடம், "அப்பா மேலே மாத்திரை வாங்குகிறார், இங்கே வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர் சிரமப்பட்டுக் கொண்டுவருவதை மறுக்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் அவருக்கும் இது தெரிந்தாக வேண்டும். அப்பாவுக்கு வயதாகி வேலையை விட்டுவிட்டுக் கம்பத்துக்கே வந்துவிட்டால் அப்போது இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

நேரில் ஒரு தடவை பார்த்த மருத்துவரிடம் பிறகு போனிலோ வீடியோவிலோ பேசி மருந்தைச் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த மருத்துவர், தொலைவில் இருந்தே இன்னொரு பிரஷர் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவின் எந்தப் பகுதியில் இருக்கும் நோயாளிக்கும் இப்படி ஆலோசனை சொல்லலாம், மாநில எல்லை தடை இல்லை. அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணம் கிடையாது. ஆனால் அதில் ஒவ்வொரு முறையும் ஒரே மருத்துவர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் ஏழு நாள் சராசரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு இவை எழுதிய தாள் கையில் தயாராக இருக்கட்டும். தனியார் மருத்துவர் என்றால் வாட்ஸ்அப்பில் எண்களைக் கொட்டுவதற்கு முன், "வாரம் ஒரு தடவை சராசரி அனுப்பட்டுமா, எப்போது பார்ப்பீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் அனுப்பி, அவர் பார்க்காமல் போய், பார்த்துவிட்டார் என்று நீங்கள் நம்பியிருப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து.

இப்போது தம்பிக்கு. அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு வேறு எப்படி அப்பாவைப் பார்த்துக்கொள்வது என்று தெரியாத தவிப்பு அது. அந்த அக்கறைக்கு உருப்படியான வேலை கொடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் மணி அடிப்பதைப் போனில் நிறுத்திவிடட்டும். ஏழு நாள் முடிந்ததும் சராசரி எடுத்து, ஒரே வரியாக மருத்துவருக்கு அனுப்புவதும், அடுத்த தேதியை நினைவுபடுத்துவதும் அவர் பொறுப்பு. மற்ற நாளில் அப்பாவுக்குப் போன் செய்தால் பிரஷரைப் பற்றிக் கேட்க வேண்டாம். சாப்பிட்டாரா, காய் விலை என்ன, மழை எப்படி என்று பேசட்டும். அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: எண்ணை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. விருப்பம் இல்லாமல் பார்க்கும் பிரஷர் கூடத்தான் காட்டும், நாலு நாளில் பட்டையையும் தூக்கிப் போட்டுவிடுவார். வருடம் முழுக்கத் தினமும் பார்க்க வேண்டியதில்லை என்று தெரிந்தால் அவரே இறங்கி வருவார். மருந்தை மாற்றினால் நாலு வாரம் கழித்து ஒரு வாரம் பார்த்தால் போதும். கட்டுக்குள் வந்துவிட்டால் மாதத்தில் ஓரிரு நாளும், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரமும் போதுமானது.

பக்கத்து வீட்டு அத்தையின் எண்ணை நீங்கள் எல்லோரும் 'அப்பாவுடையது இல்லை' என்று நிம்மதியோடு விட்டுவிட்டீர்கள். 182/106 அந்த அத்தையின் உடம்பில்தானே இருக்கிறது? ஒரு தடவை பார்த்ததை வைத்து நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒரு வாரத்துக்குள் மையத்துக்குப் போய் முறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசா பணியாளரிடம் சொன்னால் கூட்டிப்போவார். லயத்தில் ஒரு வீட்டுக்கு மிஷின் வந்தால் எல்லோரும் கை நீட்டுவது இயல்பு, தடுக்கவும் வேண்டாம். பல மிஷின்களில் இரண்டு பேருக்குத் தனித்தனிப் பொத்தான் இருக்கும். அப்பாவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மற்றவர்களுக்குப் பார்க்கும்போது போனில் புளூடூத்தை நிறுத்திவிட வேண்டும்.

மிஷினைப் பற்றி இரண்டு மூன்று விஷயம். மணிக்கட்டில் கட்டுவதும் விரலில் மாட்டுவதும் வேண்டாம். மேல்கையில் சுற்றுவதுதான் நம்பகமானது. கைக்கடிகாரம் காட்டும் பிரஷரை வைத்து மருந்தை மாற்றக் கூடாது. மையத்துக்குப் போகும்போது மிஷினையும் எடுத்துப்போய், அங்கே பார்த்தவுடன் அதே கையில் இதிலும் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யலாம். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூட இருக்கிறதோ அந்தக் கையிலேயே எப்போதும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பதினைந்து புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம். இதயத் துடிப்பு சீராக இல்லை என்ற குறி திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே. துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் இந்த மிஷின்களின் கணக்கும் தடுமாறும், ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணுக்குப் பதற வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 120-ஐயோ தொட்டால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பார்க்கட்டும். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலமிழத்தல், திடீர்ப் பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தம்பிக்குப் போன் செய்து காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். இந்த அறிகுறிகள் இருந்தால் எண் 150 ஆக இருந்தாலும் போக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் உச்சத்தில் இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து வேகமாக இறக்கும் வேலை வேண்டவே வேண்டாம், மூளைக்குப் போகும் ரத்தம் திடீரென்று குறைந்துவிடும். மாறாக, மேல் எண் 110-க்குக் கீழே போய், எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அதையும் அன்றே சொல்ல வேண்டும். உங்கள் அப்பா இரட்டை மாத்திரை சாப்பிடும் நிலையில் இதுவும் நடக்கக்கூடியதே.

இன்னொன்று கேட்க வேண்டும். மூட்டுவலி, இடுப்புவலிக்கு மேலே கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், டெல்மிசார்ட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். மலையேறி இறங்கும் உடம்புக்கு வலி வரத்தான் செய்யும்; பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது, அதையும் கேட்டுவிட்டுப் போடட்டும். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டிக்கொடுக்கும் ஊறுகாய் பாட்டிலைச் சின்னதாக்குங்கள், கருவாட்டை வாரம் ஒரு நாளாக்குங்கள். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கும்போது கால் வீக்கத்தைக் காட்டிவிட்டு ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி இவற்றை எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். டெல்மிசார்ட்டன் தொடங்கிய பிறகு முதல் இரண்டும் ஒரு தடவையும் பார்க்கவில்லை என்றால் இப்போதே பார்க்க வேண்டும். சர்க்கரைக்காக வெறும் வயிற்றில் போவார். அன்றும் மருத்துவர் சொன்ன பிரஷர் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு வழக்கமான நேரத்தில் போட்டுவிட்டே போகட்டும்.